முதல் இமயமலை நடைக்குப் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: தில்லித் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

தில்லியில் வாழும் தமிழர்களுக்கு இமயமலை ஓர் இரவுப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் இரவு ஏறினால் விடியும்போது டேராடூனில் இறங்கலாம். அங்கிருந்து முசூரி, புரோலா, மோரி வழியாக மாலைக்குள் சாங்க்ரியை அடைந்து, மறுநாள் ஹர் கி தூன் பள்ளத்தாக்கை நோக்கி நடக்கத் தொடங்கலாம். இவ்வளவு அருகில் இருப்பதாலேயே பலர் போதிய ஆயத்தமின்றிக் கிளம்பிவிடுகிறார்கள். ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ சில குளிர்காலங்களைக் கடந்தவர்கள், குளிர் தமக்குப் பழகிவிட்டது என்று எண்ணி, வீட்டிலிருக்கும் கனத்த ஜாக்கெட்டையும் ஜீன்ஸையும் காலை நடைக்கு வைத்திருக்கும் ஷூவையும் எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாக வாங்க முனைபவர்களும் முதலில் ஜாக்கெட்டைத்தான் தேடுகிறார்கள். பணத்தைத் தரையிலிருந்து மேல்நோக்கிச் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து. பாதத்துக்கும் தரைக்கும் இடையில் இருப்பது முதலில், உறங்கும் உடலுக்கும் தரைக்கும் இடையில் இருப்பது இரண்டாவதாக, முதுகில் ஏறுவது மூன்றாவதாக. ஜாக்கெட்டின் முறை அதற்குப் பிறகே வருகிறது.

மே, ஜூன் மாதங்களிலோ, பருவமழை விலகிய பின் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் வரையிலோ, நான்கைந்து நாள்கள் தம் பையைத் தாமே சுமந்து 3,500 மீட்டர் உயரம் வரை நடக்க விரும்பும் ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கடும் பனிக்காலப் பயணத்துக்கு இது போதாது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருக்கும் தில்லியிலிருந்து ஹர் கி தூன் உயரத்துக்குப் போனால், அதே நாளில் ஏறக்குறைய 21 டிகிரி குறைவான வெப்பநிலையை எதிர்பார்க்க வேண்டும். அக்டோபர் இரவுகளில் அங்கே தண்ணீர் உறைவது இயல்பு. அதோடு காற்றும் ஈரமும் சேரும்போது, தில்லியின் ஜனவரியில் நாம் அறிந்த குளிருக்கும் இதற்கும் ஒப்பில்லை. நகரத்தில் குளிர் தாங்காவிட்டால் வீட்டுக்குள் போய்விடலாம், மலையில் அந்த வழி கிடையாது.

முதலில் ஷூ. ஓடுவதற்கான ஷூவின் அடிப்பாகம் மென்மையானது. கற்பாதையில் சுமையோடு பல மணி நேரம் நடக்கும்போது ஒவ்வொரு கூர்ங்கல்லும் பாதத்தில் தெரியும். கணுக்காலை மூடும் உயரமும், இரு கைகளாலும் முறுக்கினால் எளிதில் வளையாத அடிப்பாகமும், ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர்ப் பிடிப்பும் உடைய மலை ஷூவைத் தேடுங்கள். நீர் புகாத உட்சவ்வு கொண்டவை விலை கூடுதலானாலும், ஓடைகளும் எஞ்சிய பனியும் உள்ள பாதைக்கு அவை தகுந்தவை. மாலையில் கடைக்குச் செல்லுங்கள், ஏனெனில் நாள் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் அணியப்போகும் தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோய் அணிந்து பாருங்கள். வழக்கமான அளவைவிட அரை எண்ணிலிருந்து ஒரு எண் வரை பெரியது பெரும்பாலும் பொருந்தும். கயிற்றை இறுக்கிக் கட்டி, கடையில் சாய்தளம் இருந்தால் அதிலும், இல்லையெனில் படிக்கட்டிலும் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல்நுனி ஷூவின் முன்பக்கத்தை இடித்தால் அந்த ஷூ வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் நாளில்தான் நகங்கள் கறுத்துப்போகின்றன. ஏறும்போது குதிகால் மேலெழும்பி உராய்ந்தாலும் வேண்டாம். அங்கேதான் கொப்புளம் தோன்றும்.

வாங்கிய ஷூவைப் பெட்டியிலேயே வைத்திருந்து பயண நாளில் அணிவது பெருந்தவறு. குறைந்தது மூன்று வாரங்களாவது அதை அணிந்து நடக்க வேண்டும். பூங்காவின் சமதளப் பாதை இதற்குப் போதாது. மெஹ்ரௌலிக்கு அருகிலுள்ள சஞ்சய் வனத்திலோ, ஆரவல்லித் தொடரின் வேறு கற்பாங்கான இடங்களிலோ வாரக் கடைசிகளில் இரண்டு மூன்று மணி நேரம் நடப்பது நல்ல பயிற்சி. மற்ற நாள்களில் குடியிருப்பின் மாடிப்படிகளே போதும். பையில் தண்ணீர்க் குப்பிகளையோ ஐந்து கிலோ அரிசிப் பையையோ வைத்துக்கொண்டு, மின்தூக்கியை விட்டுப் படிகளில் ஏறி இறங்குங்கள்.

காலுறையில் பருத்தியை முற்றிலும் தவிருங்கள். வியர்வையை உறிஞ்சிய பருத்தி காயாமல் தோலோடு ஒட்டி உராய்கிறது. மெரினோ கம்பளி கலந்தவையோ செயற்கை இழையால் ஆனவையோ நடப்பதற்கு இரண்டு இணைகள், உறங்குவதற்கென்று மட்டும் தடித்த கம்பளியில் ஓர் இணை என்று வைத்துக்கொள்ளுங்கள். உறங்கும் காலுறையை நடக்கும்போது எக்காரணம் கொண்டும் அணியக் கூடாது. நனையாத ஓர் இணை பையில் இருக்கிறது என்ற உறுதி இரவில் மிகவும் தேவைப்படும். மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் ஒட்டுநாடாவையும் எடுத்துக்கொண்டு, பாதத்தில் எங்காவது சூடாக உணர்ந்த உடனேயே நின்று ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதால் பெரும் பயனில்லை.

அடுத்தது உறக்கம். தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குப் பாயின் இலக்கணம் தெரியும். தரை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதே அங்கே விருப்பம். மலையில் தரைதான் உடலின் வெப்பத்தைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே புகுந்து உறங்கும் பையான ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனானதாக இருந்தாலும், உடலின் எடையில் அதன் அடிப்பகுதி நசுங்கிக் காற்றை இழந்துவிடுவதால், கீழிருந்து வரும் குளிரை அதனால் தடுக்க முடியாது. அதன் அடியில் விரிக்கும் மேட் தனியாகத் தேவைப்படுவது இதனால்தான். மேட்டின் வெப்பத் தடுப்பை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூடத் தடுப்பும் கூடும். மடக்கும் நுரை மேட்டுகள் பெரும்பாலும் 2 அளவில் இருக்கும். உள்ளே வெப்பத்தடுப்பு உள்ள காற்றடிக்கும் மேட்டுகள் 3 முதல் 5 வரை கிடைக்கின்றன. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் மதிப்புகள் கூட்டுத்தொகையாகும். ஆகவே, விலையுயர்ந்த ஒரு மேட்டை வாங்க இயலாதவர்கள் ஒரு நுரை மேட்டையும் ஓர் எளிய காற்று மேட்டையும் சேர்த்து விரிக்கலாம். காற்று மேட்டில் ஓட்டை விழுந்தாலும் நுரை மேட் கைவிடாது. மே மாதத்துக்கு 2 முதல் 3 வரை போதும். அக்டோபருக்கு 4 இருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கின் மேலுறையில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வெப்பநிலையை நம்பி வாங்காதீர்கள். முறையாகச் சோதிக்கப்பட்ட பைகளில், ஐஎஸ்ஓ 23537 என்ற தர அளவின்படி மூன்று எண்கள் தரப்பட்டிருக்கும். முதலாவது, சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகப் படுத்து வசதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது, உயிர் பிழைப்பதற்கான எண். அந்த நிலையில் உறக்கம் கிடையாது, விரல்கள் குளிரில் உறைந்து புண்ணாகவும் கூடும். மலிவான பைகளில் ‘−10’ என்று பளிச்சென்று போட்டிருப்பது பல நேரங்களில் இந்த மூன்றாவது எண்ணாகவே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண்ணை மட்டுமே. அக்டோபரில் 3,500 மீட்டரில் உறங்க, முதல் எண் −5 அளவில் இருப்பது நலம். குளிர் எளிதில் தாக்கும் உடல்வாகு உடையவர்கள் இன்னும் சற்றுக் குறைவான எண்ணைத் தேடலாம்.

வாத்து இறகால் ஆன டவுன் பை எடை குறைந்தது, சிறிதாகச் சுருங்கும், ஆனால் நனைந்தால் உப்பல் இழந்து பயனற்றுப்போகும். செயற்கை இழை கனமானது, இடத்தை அடைப்பது, ஆனால் ஈரத்திலும் ஓரளவு வெப்பம் காக்கும், விலையும் குறைவு. முதல் பயணத்துக்கு எதையும் வாங்காமல் வாடகைக்கு எடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். சாங்க்ரி, மணாலி போன்ற இடங்களில் ஸ்லீப்பிங் பேக், கூடாரம், ஊன்றுகோல், பனியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் முள்ளான மைக்ரோஸ்பைக் ஆகியவை நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. எடுக்கும்போது ஜிப்பை இருமுறை முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பையைத் தூக்கிப் பிடித்து, உள்ளடக்கம் ஓரிடத்தில் குவிந்து மற்ற இடங்கள் வெறுமையாக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். பலர் பயன்படுத்திய பை என்பதால் உள்ளே ஒரு துணியுறை இருப்பது தூய்மைக்கும் கூடுதல் வெதுவெதுப்புக்கும் நல்லது. இதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. சரிகை இல்லாத பழைய மெல்லிய பட்டுப் புடவை ஒன்றை நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்தால், எடையே தெரியாத அருமையான உறை கிடைத்துவிடும்.

அடுத்து, முதுகில் சுமக்கும் பை. அதற்கு 50 முதல் 60 லிட்டர் கொள்ளளவு போதும். அதைவிடப் பெரிதாக வாங்கினால், இருக்கும் இடத்தை நிரப்பியே தீருவோம். லிட்டர் அளவைவிட முக்கியமானது முதுகின் நீளம். கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பை இணைக்கும் கோடு வரை அளந்து, அந்த நீளத்துக்கு ஏற்ற பையையோ நீளத்தை மாற்றியமைக்கக்கூடிய பையையோ தேர்ந்தெடுங்கள். உயரமானவருக்குக் குட்டையான முதுகு இருக்கலாம் என்பதால் உடல் உயரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. கடையிலேயே எட்டு அல்லது பத்து கிலோ எடையை உள்ளே போடச் சொல்லுங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் அமர்த்தி இறுக்கி, அதன் பிறகே தோள் பட்டைகளை இழுக்க வேண்டும். சரியாகப் பொருந்திய பையில் எடையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கிவிடும். தோளுக்கும் பட்டைக்கும் இடையில் விரல்களை எளிதாக நுழைக்க முடியும். எல்லாவற்றையும் அடைத்த பிறகு பையின் மொத்த எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 13 கிலோ என்பது உச்ச வரம்பு. வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், பையோடு ஒரு முறையும் பையின்றி ஒரு முறையும் ஏறி நின்று கழித்துப் பாருங்கள். பையின் வெளிப்புற மழையுறையை மட்டும் நம்பாமல், உள்ளே ஒரு பெரிய தடித்த நெகிழிப் பையை விரித்து அதற்குள் துணிகளையும் ஸ்லீப்பிங் பேக்கையும் வையுங்கள். முதுகுப் பக்கம் வழியாக ஒழுகும் நீரை மழையுறை தடுக்காது.

இப்போது உடைகள். ஒரே தடித்த ஜாக்கெட்டுக்குப் பதிலாக மெல்லிய அடுக்குகள் பலவற்றை வைத்திருப்பதே மலையில் பயன்படும் முறை. ஏறும்போது கடுங்குளிரிலும் வியர்க்கிறது, நின்ற மறுநிமிடமே அந்த வியர்வை உடலைக் குளிர்விக்கத் தொடங்குகிறது. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த உடை உடலின் வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்யும். தோலோடு ஒட்டிய அடுக்கு பாலியெஸ்டரிலோ மெரினோ கம்பளியிலோ இருக்க வேண்டும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும். அதன்மேல் ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழை மேலாடை, அதன்மேல் ஓய்வு நேரத்துக்கும் மாலைக்கும் டவுன் அல்லது செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய வெளியுடை. நடக்கும்போது டவுன் ஜாக்கெட்டை அணிய வேண்டாம். வியர்வையில் அது நனைந்துவிட்டால் இரவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்த அடுக்குகளுள் சிக்கனமாக வாங்கக்கூடியது ஃபிளீஸ். சரோஜினி நகர் சந்தையில் ஏற்றுமதியில் மிஞ்சிய நல்ல ஃபிளீஸ்கள் கிடைக்கும்; உட்புறச் சீட்டில் முழுவதும் பாலியெஸ்டர் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளிர்காலத்தில் திபெத்தியர்கள் போடும் கம்பளிக் கடைகளில் தொப்பியும் கையுறையும் வாங்கலாம். டெகத்லான் போன்ற கடைகளில் தெர்மலும் ஷூவும் மழை ஜாக்கெட்டும் ஒரே இடத்தில் அணிந்து பார்த்து வாங்க முடிகிறது என்பது முதன்முறை செல்பவர்களுக்குப் பெரிய வசதி. சிக்கனம் பார்க்கக் கூடாதது மழை ஜாக்கெட். தையல்களின் உட்புறத்தில் நாடா ஒட்டப்பட்டிருக்க வேண்டும், தலைமூடி இறுகும்படி இருக்க வேண்டும், நீர்த்தடுப்பு அளவு (ஒழுகாமல் துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம்) 10,000 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். நீர் ஒட்டாது என்று மட்டும் எழுதியிருப்பது தூறலுக்குத்தான் உதவும். வாங்கிய அன்றே அதை அணிந்து குளியலறையில் ஷவரின் அடியில் பத்து நிமிடம் நின்று பார்த்துவிடுங்கள். ஒழுகினால் மாற்றிக்கொள்ளக் கால அவகாசம் இருக்கும்.

கண்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உயரம் 1,000 மீட்டர் கூடும்போதெல்லாம் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது; புதிய பனி அக்கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது. பனிப்பரப்பில் சாதாரண வண்ணக் கண்ணாடியோடு சில மணி நேரம் நடந்தாலே கண் எரிந்து பார்வை மங்கலாம். யுவி 400 குறியுள்ள, பக்கங்களையும் மறைக்கும் கண்ணாடி தேவை. பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் அதன்மேல் மாட்டும் வகையை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். தாடையின் அடியிலும் மூக்கின் அடியிலும் கூடச் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

விளக்கு தலையில் கட்டும் வகையாக இருக்கட்டும். கூடாரம் கட்டவும் சமைக்கவும் இரு கைகளும் வேண்டும். குளிரில் மின்கலங்கள் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால் கைபேசியையும் பவர் பேங்கையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோல்கள் இரண்டு வேண்டும். முழங்கையை மடித்தால் செங்கோணம் வரும் நீளத்தில் வைத்து, இறங்கும்போது சற்று நீட்டிக்கொண்டால் முழங்காலுக்குப் பெரும் ஆறுதல்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விமானத்தில் வந்து உங்களோடு சேரும் உறவினருக்குச் சிலவற்றை முன்பே சொல்லிவிட வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் தடையில்லை, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுவர முடியாது. மலை அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கும்போது அது வெறும் பியூட்டேனா என்று பாருங்கள். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், உறையும் காலையில் அடுப்பு எரியாது. புரொப்பேனோ ஐசோபியூட்டேனோ கலந்த குப்பி குளிரிலும் எரியும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் செயற்கைக்கோள் கைபேசியையோ செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியையோ அன்போடு கொண்டுவரக்கூடும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையங்களிலேயே தடுத்து வைக்கப்பட்டதுண்டு. அதற்குப் பதிலாக வரைபடத்தைக் கைபேசியில் இணையமின்றிப் பார்க்கும்படி இறக்கிக்கொண்டு, நாள்வாரியான திட்டத்தை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

உணவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் அரிசியும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் எளிதில் வேகாது, எரிபொருள்தான் தீரும். அவல், வறுத்த ரவை, சத்துமாவு ஆகியவை வெந்நீரிலேயே பக்குவமாகும். வீட்டில் காய்ச்சி எடுத்த புளிக்காய்ச்சல் சிறு குப்பியில் இருந்தால் அவல் புளியோதரையாகிவிடும். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய் போதும். ஓஸ்லா போன்ற ஊர்களின் வீடுகளில் தங்குவதாக இருந்தால் அடுப்பே தேவையில்லை, ஏறக்குறைய ஒரு கிலோ எடை குறைந்துவிடும்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஓர் ஒத்திகை கட்டாயம் வேண்டும். தில்லியின் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 4, 5 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். சொந்தமாக மேட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வைத்திருப்பவர்கள் மொட்டை மாடியில் ஓர் இரவு அவற்றில் உறங்கிப் பார்க்கலாம். முதுகு குளிர்ந்தால் மேட் போதவில்லை, மார்பும் தோளும் குளிர்ந்தால் பை போதவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். கோடையில் செல்பவர்கள் குறைந்தபட்சம் முழுப் பையையும் சுமந்து ஒரு நாள் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் பெனிட்டோ ஹுவாரெஸ் சாலையிலுள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளைக்கு ஒரு முறை சென்று, அங்கே சுவரேற்றப் பயிற்சிக்கு வருபவர்களிடம் பேசிப் பாருங்கள். மலைக்குப் பலமுறை போய்வந்தவர்கள் தம் பொருள்களைப் பற்றிச் சொல்லத் தயங்குவதில்லை.

திரும்பி வந்ததும் டவுன் பொருள்களைச் சுருட்டிய பையிலேயே விட்டுவிடாமல், உலர்த்தித் தளர்வான துணிப்பையில் தொங்கவிடுங்கள். ஷூவைச் சேறு போகக் கழுவி, உள்ளே செய்தித்தாள் திணித்து, வெயிலில் அல்லாமல் நிழலில் காயவிடுங்கள். பல மாதங்கள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ஷூவின் அடிப்பாகத்திலுள்ள பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதைந்து, நடக்கும்போது திடீரென்று கழன்றுவிடக்கூடும். ஆகையால் தில்லியின் மழைக்காலம் முடிந்ததும், அடுத்த பயணத்துக்குப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே, ஷூவை அணிந்து ஒரு மணி நேரம் நடந்து, அடிப்பாகத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திச் சோதித்துவிடுங்கள்.